நினைவு நிதி: துக்கத்தில் சேர்ந்த பணம் பிள்ளைகள் கைக்குப் போகும் வழி

இளம் கபடி வீரரோ ஓட்டக்காரரோ திடீரென்று இறந்துபோனால், கொங்குப் பகுதி ஊர்களில் அடுத்த சில நாட்களுக்கு நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஃபிளக்ஸ் வைக்கிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் அவர் படமும் கூடவே ஒரு க்யூஆர் கோடும் வருகின்றன. உடன் ஆடியவர்கள், பள்ளித் தோழர்கள், அணிக்கு ஜெர்சி அடித்துக் கொடுத்த திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர், வெளிநாட்டில் வேலை பார்க்கும் பங்காளி என்று ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். "தம்பி பேருல வருசா வருசம் புள்ளைங்களுக்கு எதாச்சும் பண்ணோணுமுங்க" என்று எல்லோரும் மனதாரச் சொல்கிறார்கள்.

ஆறு மாதம் போனதும் கேள்விகள் வருகின்றன. மொத்தம் எவ்வளவு வந்தது? யார் கணக்கில் இருக்கிறது? குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்றா, பிள்ளைகளுக்கா? வசூலித்தவரிடம் பதில் இருந்தாலும் அதைக் காட்ட ஒரு காகிதம் இருக்காது. இதில் திருட்டு நடந்திருக்கும் என்று முதலில் சந்தேகப்படுவது நியாயமில்லை. பணம் வரத் தொடங்கிய பிறகுதான் அமைப்பைப் பற்றி யோசிக்கிறார்கள். அதுதான் பெரும்பாலான தகராறுகளுக்கு வேர். வரிசையை மாற்றினால் போதும். யாருக்கு, எந்த வடிவத்தில், யார் பொறுப்பில் என்ற மூன்றையும் தீர்மானித்துவிட்டு வசூலைத் தொடங்க வேண்டும். அது ஏன், எப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குடும்பத்துக்கான பணம் வேறு, நினைவு நிதி வேறு

இறந்தவரின் வீட்டில் வயதான பெற்றோர் இருக்கலாம், படிக்கும் தங்கை இருக்கலாம், மருத்துவமனைக் கடன் இருக்கலாம். அவர்களுக்குச் செய்வது உதவி. அது குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்குப் போகும் பணம். நினைவு நிதி என்பது அவர் பெயரால், முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குப் போகும் பணம். சட்டத்தின் பார்வையில் முதலாவது தனிநபர்களுக்கான அன்பளிப்பு, இரண்டாவது பொது அறம். இரண்டுக்கும் கணக்கு வேறு, வரி வேறு, பொறுப்பும் வேறு.

ஒரே க்யூஆர் கோடில் இரண்டையும் வாங்கினால் பிரிக்கவே முடியாது. 500 ரூபாய் அனுப்பியவர் குடும்பத்தை நினைத்து அனுப்பியிருப்பார், 50,000 அனுப்பியவர் விளையாட்டுப் பிள்ளைகளை நினைத்து அனுப்பியிருப்பார். பிறகு எந்தப் பக்கம் கொடுத்தாலும் மறுபக்கத்தில் மனத்தாங்கல்தான். துக்க வீட்டாரைப் பார்த்து "அதுல பாதி உங்களுக்கில்லீங்க" என்று சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

ஆகவே முதல் அறிவிப்பிலேயே இப்படி இருக்க வேண்டும்: "இந்தக் கணக்கில் வரும் தொகை முழுவதும் நினைவு நிதிக்கு மட்டும். அதன் வட்டியிலிருந்து நம் ஒன்றியத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் தடகள மாணவ மாணவியருக்கு ஓட்டக் காலணியும் போட்டிக்கான பயணச் செலவும் தரப்படும். குடும்பத்துக்கு உதவ விரும்புவோர் அவர்களுடைய வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தவும்." மூன்று வாக்கியங்கள்தான். இவற்றுக்குப் பெற்றோரின் சம்மதத்தை, பெயரையும் படத்தையும் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியோடு சேர்த்து, எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

நான்கு வடிவங்கள்

நிதி என்று நாம் பொதுவாகச் சொல்வது நான்கு வெவ்வேறு அமைப்புகளில் ஒன்றாக இருக்கலாம்.

1. பொது அறக்கட்டளை. ஒருவர் (நிறுவுநர்) ஒரு தொகையை ஒதுக்கி, அதை நிர்வகிக்கச் சிலரை (அறங்காவலர்கள்) நியமித்து, பொதுமக்களில் ஒரு பிரிவினருக்கு (பயனாளிகள்) பயன்படும்படி பத்திரம் எழுதுகிறார். அந்தப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல எல்லாப் பொது அறக்கட்டளைகளையும் கண்காணிக்கும் அறநிலைய ஆணையர் இங்கே இல்லாததால், தமிழ்நாட்டில் பத்திரத்தின் வாசகமே ஏறக்குறைய சட்டமாக நிற்கிறது. எழுதுவது எளிது, தவறாக எழுதினால் திருத்துவது கடினம்.

2. சங்கம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். ஏற்கெனவே இயங்கும் விளையாட்டுக் குழுவுக்குப் பொருந்தும்.

3. லாப நோக்கமற்ற கம்பெனி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 8ஆவது பிரிவு. கோவையிலேயே கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் இருக்கிறது என்றாலும், ஆண்டுச் செலவும் படிவ வேலையும் சிறிய நிதிக்குச் சுமை.

4. இன்னொரு நிறுவனத்துக்குள் ஒரு நினைவுப் பரிசு. அவர் படித்த பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு தொகையை வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியை ஆண்டுதோறும் ஒரு மாணவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒப்பந்தம் செய்வது.

நான்காவது வழியைப் பலர் சிறியதாக நினைத்து ஒதுக்குகிறார்கள். ஆனால் சேர்ந்த தொகை இரண்டு, மூன்று லட்சத்துக்குள் என்றால் அதுதான் சரியான வழி என்பேன். ஆடிட்டர் கட்டணமும் பதிவுச் செலவும் மிச்சமாகும். அந்தப் பணமும் பிள்ளைகளுக்கே போகும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது, பரிசுத் தொகையிலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தான் படித்த அரசுப் பள்ளிக்குத் தருவதாக அறிவித்தார். வாழும் வீரர் செய்வதை, இறந்த வீரரின் நண்பர்களும் அதே வழியில் செய்யலாம்.

நினைவுக் கோப்பையா, நிலையான நிதியா

நம் பக்கத்தில் நினைவு என்றாலே கபடிப் போட்டிதான். பொங்கலை ஒட்டி மின்விளக்கு வைத்து இரவு முழுக்க ஆட்டம், முதல் பரிசுக்குச் சுழற்கோப்பை, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு. ஊர் ஒன்றுகூடி அவரை நினைக்கிறது. அதற்கு ஒரு மதிப்பு உண்டு, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தச் செலவு ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. பரிசும் பெரும்பாலும் ஏற்கெனவே வளர்ந்த அணிகளுக்கே போகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை.

நிலையான நிதி என்பது முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிப்பது. ஆடிட்டர்கள் கார்ப்பஸ் என்பார்கள், தமிழில் மூலதன நிதி. கணக்கைப் பார்த்துவிடலாம். 10 லட்சம் ரூபாய் சேர்ந்து, 6.5 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் ஆண்டுக்கு 65,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 5,000 என்று வைத்தால் 11 பேருக்கு 55,000 கொடுத்துவிட்டு, 10,000 ரூபாயை முதலோடு சேர்க்கலாம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டில் அந்தப் 10 லட்சத்தின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். முதலோடு சேர்க்கும் 10,000 என்பது ஒரு சதவீதம்தான், அது ஈடுகட்டாது. எனவே ஆண்டுதோறும் கொஞ்சமாவது புதிய மூலதன நன்கொடை வர வேண்டும். நினைவு நாள் போட்டிக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. போட்டியை நிறுத்த வேண்டாம். பரிசுத் தொகையைச் சுருக்கி, நுழைவுக் கட்டணத்தையும் விளம்பரத் தொகையையும் நிதிக்குத் திருப்பலாம். கோவையில் 2013 முதல் நடக்கும் மாரத்தான், புற்றுநோய் விழிப்புணர்வுக்காகக் கோயம்புத்தூர் கேன்சர் பவுண்டேஷனோடு சேர்ந்து தொடங்கியது. ஓட்டத்தையும் ஓர் அறநோக்கத்தையும் ஒன்றாகக் கட்டும் முறை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல.

முதலை எங்கே வைப்பது

ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கங்களில் இந்தக் கேள்விக்கு உடனே ஒரு பதில் வரும்: "பேங்குல என்னங்க கெடைக்கும், நம்ம பைனான்சுல போடுங்க." மாதம் இரண்டு வட்டி என்றால் 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். வங்கி வட்டியைவிட மூன்றரை மடங்குக்கு மேல். சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்.

அதைச் செய்யக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் பணத்தை எங்கெங்கே வைக்கலாம் என்று வருமான வரிச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது: அஞ்சலகச் சேமிப்பு, வங்கி வைப்பு, அரசுப் பத்திரங்கள், பரஸ்பர நிதி அலகுகள், அசையாச் சொத்து போன்றவை. தனியார் பைனான்சும் உறவினரின் விசைத்தறிக் கூடமும் அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே போட்டால் அந்த அளவுக்கு விலக்குப் போய்விடும். அறங்காவலரோ நிறுவுநரோ அவர்களுடைய உறவினரோ நிதியால் ஆதாயம் அடைந்தாலும் அதே கதி. வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தன் சொந்தப் பணத்தை ரெண்டு வட்டிக்கு விட்டு இழக்க ஒருவருக்கு உரிமை உண்டு. இறந்த பிள்ளையின் பெயரில் ஊரார் கொடுத்த பணத்தில் அந்த உரிமை யாருக்கும் கிடையாது.

வரி: அதிகம் குழப்பும் இடம்

முதலில் ஒரு குறிப்பு. 12ஏபி, 80ஜி என்று நாம் சொல்லிப் பழகியவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அதன் இடத்துக்கு வருகிறது, எண்களும் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் இருப்பது பழைய பெயர்கள்தான் என்பதால் இங்கேயும் அவற்றையே பயன்படுத்துகிறேன். பத்திரத்திலும் விண்ணப்பத்திலும் எந்த எண்ணை எழுதுவது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

தனிநபர் கணக்கில் வசூலித்தால்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் பணம் வந்தால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்பட இடமுண்டு. அணித் தலைவரின் ஜிபே எண்ணில் 8 லட்சம் வந்து, பிறகு நோட்டீசும் வந்தால், அது தன் பணம் அல்ல என்று நிரூபிக்கும் சுமை அந்த இளைஞர் தலையில்தான் விழும். மாதம் 18,000 சம்பளக்காரருக்கு இது பெரிய தொல்லை.

12ஏபி பதிவு: அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குத் தருவது இதுதான். பத்திரம் பதிவானாலே விலக்கு வந்துவிடும் என்று நினைப்பது தவறு. இந்தப் பதிவு இல்லாவிட்டால் வரும் நன்கொடையே வருமானமாகிவிடும். புதிய அறக்கட்டளைக்கு முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு தருவார்கள். வேலை தொடங்கியதும் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முறையான பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும் என்றிருந்ததை, ஆண்டு வருமானம் 5 கோடிக்குக் கீழ் உள்ள சிறிய அறக்கட்டளைகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பத்து ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். நினைவு நிதிகளுக்கு இது நல்ல செய்தி.

85 சதவீத விதி: பதிவு பெற்ற அறக்கட்டளை, ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மேலே பார்த்த 65,000 ரூபாயில் அது 55,250 (11 பேருக்குக் கொடுக்கும் 55,000க்கு மேல் இன்னும் 250 ரூபாய் செலவழிக்க வேண்டும்). இதைவிட அதிகமாகச் சேர்த்துவைக்க விரும்பினால், எதற்காக என்று குறிப்பிட்டு முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டும், ஐந்து ஆண்டுக்குள் செலவழிக்கவும் வேண்டும். இந்த 85 சதவீதக் கணக்கில் மூலதன நன்கொடை சேராது. ஆனால் "இது மூலதன நிதிக்கு" என்று கொடுப்பவர் எழுதித் தந்திருக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்திலேயே அந்த வாசகத்தை அச்சடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டால் வேலை முடிந்தது. அந்த ஒரு வாசகம் இல்லாவிட்டால் முதலையே செலவழிக்க வேண்டிய நெருக்கடியில் சிக்க நேரும்.

80ஜி: இது கொடுப்பவருக்கான சலுகை. பாதிப் பணம் திரும்ப வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொடுத்ததில் பாதி, வரி விதிக்கும் வருமானத்திலிருந்து கழிக்கப்படும். 10,000 கொடுத்து, 20 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு மிச்சமாவது ஏறக்குறைய 1,000 ரூபாய். அதற்கும் மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அறவே இல்லை. இதையெல்லாம் சொல்லாமல் "80ஜி உண்டு" என்று மட்டும் ஃபிளக்ஸில் போடுவது கொடுப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

பெயரில்லாப் பணம்: ஆட்ட மைதானத்தில் துண்டேந்தியும் உண்டியல் வைத்தும் வசூலிப்பது நம் வழக்கம். யார் கொடுத்தார் என்ற பதிவு இல்லாத நன்கொடை, மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் எப்படித் தவறாமல் ஏறுகின்றனவோ அப்படி இங்கேயும் ஏறினால் இந்தச் சிக்கல் வராது. முகவரியையும் கைபேசி எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. புதிய அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு எளிதில் கிடைக்காது. பொதுவாக மூன்று ஆண்டு இயங்கி, நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் உறவினரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இன்னும் இந்தியக் குடியுரிமை இருக்கிறதா? இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டுத் தயங்காமல் பெறலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டுப் பங்களிப்புதான். கூடப் பிறந்தவனே ஆனாலும் அறக்கட்டளைக் கணக்கில் வாங்காதீர்கள்.

நோக்கத்தை எழுதுவது

நிதியின் ஆயுளைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். "ஏழை எளியோர்க்குக் கல்வி, மருத்துவம், விளையாட்டு மற்றும் அனைத்து நற்பணிகள்" என்று பத்திர எழுத்தர் எழுதித் தருவார். அது சட்டப்படி செல்லும். ஆனால் 65,000 ரூபாயை வைத்துக்கொண்டு அனைத்து நற்பணிகளும் செய்ய முடியாது. ஓர் ஆண்டு நோட்டுப் புத்தகம், மறு ஆண்டு அன்னதானம், அதற்கடுத்த ஆண்டு மருத்துவ முகாம் என்று போனால் நான்காம் ஆண்டு யாருக்கும் எதற்கு இந்த நிதி என்று நினைவிருக்காது. பத்திரத்தில் விரிவாக எழுதிக்கொள்ளலாம். நடைமுறையில் ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் இதற்கு உலகறிந்த உதாரணம். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த இளம் விளையாட்டு வீரர். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். 1981 ஜூன் 28 அன்று, 22 வயதில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரில் முதல் ஓட்டம் நடந்தது. இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. திரண்ட தொகை 85 கோடி கனடிய டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஓட்டத்தில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது, பணம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்ற ஒரே நோக்கம்தான். அவர் எதற்காக ஓடினாரோ அதற்கே நிதியும் போகிறது. நாற்பது ஆண்டைத் தாண்டி நிற்பதற்கு இந்தக் குறுகிய தெளிவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நம் ஊர் நிதிக்கு நோக்கம் இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஒன்று, இறப்பின் காரணம். ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று இறந்தவர் என்றால், விளையாடும் பிள்ளைகளுக்கு இதயப் பரிசோதனை, உடற்கல்வி ஆசிரியர்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) பயிற்சி. இத்தாலியில் 1982 முதல் போட்டி வீரர்களுக்கு ஈசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயமானது. அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இதய மரணம் 2004க்குள் 89 சதவீதம் குறைந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ மூழ்கி இறந்தவர் என்றால், பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி.

இரண்டாவது, அவர் ஆடிய ஆட்டம். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தாராபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் 200 மீட்டர் ஓட்டக்காரியை எண்ணிப் பாருங்கள். பள்ளி மைதானம் மண். மண்ணில் பிடிப்பு வேண்டும் என்று நீளமான ஆணி வைத்த ஸ்பைக் ஷூவில் பழகுகிறாள். குறுவட்டப் போட்டியில் ஜெயித்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போனால் அங்கே செயற்கை ஓடுதளம். அதில் ஓட்டத்துக்கு ஆணி 9 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. மாற்று ஆணியும் அதைத் திருகும் சாவியும் கையில் இல்லையென்றால் இரவல் ஷூவில் ஓட வேண்டியதுதான். வளரும் வயது, ஓர் ஆண்டில் கால் அளவும் மாறிவிடும். மாநிலப் போட்டிக்கு முந்தின நாளே கிளம்ப வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் ஊக்கத்தொகைகளும் பெரும்பாலும் அவள் ஜெயித்துக் காட்டிய பிறகுதான் கைக்கு வரும். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கடக்க ஒரு ஜோடி ஷூவும், ஒரு பெட்டி மாற்று ஆணியும், பேருந்துக் காசும் போதும். சிறிய நிதிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. குறுவட்டப் போட்டிகள் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே தொடங்கிவிடும் என்பதால், பணம் ஜூனில் கையில் இருக்குமாறு வைப்புத்தொகையின் வட்டித் தேதியை அமைத்துக்கொள்ளுங்கள்.

அரசுத் திட்டம் இருக்கும் இடத்தில் நிதியைக் கரைக்க வேண்டாம். பெற்றோரை இழந்த பிள்ளை என்றால் ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு வழி உண்டு (குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள்). மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை நிரப்பி, கூடப் போய்க் கொடுத்து வருவதும் நிதியின் வேலைதான், அதற்குப் பேருந்துக் காசுதான் செலவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "நம்ம கூட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று எழுதச் சொல்பவர்கள் இருப்பார்கள். குறிப்பிட்ட ஒரு சாதிக்கோ சமயத்துக்கோ மட்டும் என்று அமைந்த அறக்கட்டளைக்கு வரிவிலக்கில் சிக்கல் வரும். அதைவிட முக்கியமாக, அவரோடு ஒரே களத்தில் ஆடிய, அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய நண்பர்கள் எல்லாச் சாதியிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வெளியே நிறுத்தும் நிதி அவர் பெயரைத் தாங்கக் கூடாது.

பிள்ளைகளைத் தேர்வதும் படம் எடுப்பதும்

தேர்வு மூன்று பேர் கையில் இருக்கட்டும்: ஓர் உடற்கல்வி ஆசிரியர், ஒரு தலைமையாசிரியர், அறங்காவலர் அல்லாத ஒரு பெண். அளவுகோல்களை எழுதி முன்கூட்டியே பள்ளிகளுக்கு அனுப்ப வேண்டும். அறங்காவலர்களின் சொந்தக்காரப் பிள்ளைகள் விண்ணப்பிக்கக் கூடாது என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.

மேடையில் நிறுத்தி, ஷூ பெட்டியைப் பிடித்தபடி படம் எடுத்து ஃபிளக்ஸ் போடுவதை விட்டுவிடலாம். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் நிலையில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். அந்தப் பிரிவில் வராத பிள்ளைக்கும் பதின்மூன்று வயதில் மானம் உண்டு. கொடுத்தவர்களுக்குக் கணக்குத்தான் காட்ட வேண்டும், குழந்தையை அல்ல. பயிற்சி முகாம் நடத்தினால் தனியாக ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு இருக்கும் சூழல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது போக்சோ சட்டத்தில் தண்டனைக்குரியது.

பொறுப்பும் கணக்கும்

அறங்காவலர்கள் ஐந்து பேர் போதும். குடும்பத்திலிருந்து ஒருவர், உடன் ஆடியவர்களில் இருவர், ஆசிரியர் ஒருவர், கணக்கு தெரிந்த வெளியாள் ஒருவர். எல்லோரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் ஊரார் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஒருவர் வேலைக்காக வெளியூர் போனால் யார் வருவார், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம், நிதியை மூட நேர்ந்தால் மீதி எந்த அறக்கட்டளைக்குப் போகும் என்பனவும் பத்திரத்தில் இருக்க வேண்டும். வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் தணிக்கை கட்டாயம். தாண்டாவிட்டாலும் ஒரு பக்க வரவு செலவை நினைவு நாளன்று பள்ளிப் பலகையில் ஒட்டுங்கள்.

நிர்வாகம் கெட்டுப்போனால் ஊரார் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி, பொது அறக்கட்டளையில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு வழக்குத் தொடுத்துக் கணக்குக் கேட்கலாம், அறங்காவலரை மாற்றக் கோரலாம்.

ஏற்கெனவே வசூலாகிவிட்டதென்றால்

பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அப்போதும் சரிசெய்யலாம்.

1. வசூலை நிறுத்துங்கள். க்யூஆர் கோடை எல்லாக் குழுக்களிலிருந்தும் எடுங்கள்.

2. வங்கி ஸ்டேட்மென்ட் எடுத்து, அனுப்பியவர் பெயர், தேதி, தொகையோடு ஒரு பட்டியல் போடுங்கள். ரொக்கத்தைத் தனியாக எழுதுங்கள். வேறு செலவுக்கு எடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

3. குடும்பத்தோடு உட்கார்ந்து, எவ்வளவு அவர்களுக்கு, எவ்வளவு நிதிக்கு என்று பேசி முடித்து, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் குடும்பத்தின் தேவைக்கு முதலிடம் கொடுங்கள்.

4. பணம் கொடுத்த எல்லோருக்கும் அந்தத் தீர்மானத்தை அனுப்பி, மாற்றுக் கருத்து உள்ளவர் 30 நாளுக்குள் சொன்னால் அவர் தொகை திருப்பித் தரப்படும் என்று அறிவியுங்கள்.

5. நிதிக்கான தொகை இரண்டு, மூன்று லட்சத்துக்குள் என்றால், பள்ளியில் நினைவுப் பரிசாக வைத்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் பத்திரம், பான் எண், வங்கிக் கணக்கு, 12ஏபி பதிவு என்ற வரிசையில் போங்கள். பணத்தை அறக்கட்டளைக்கு மாற்றும் முன் ஆடிட்டரிடம் அந்தப் பட்டியலைக் காட்டி, யார் பெயரில் எந்த ஆண்டு வரவாகக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வசூலித்த இளைஞரின் வருமான வரிக் கணக்கிலும் அது சரியாக ஏற வேண்டும்.